பாராளுமன்ற முறையா, நிறைவேற்று ஜனாதிபதி முறையா: கரும்பலகை அட்டவணைக்குள் அடங்காத ஒரு கேள்வி

#1 பூவரசு (வடமராட்சி)

வணக்கம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இருபது வருடங்களாக அரசியல் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். ஆட்சி முறைகளின் நன்மை தீமைகள் என்ற பாடம் வரும்போது கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கீறி, இடப்பக்கம் பாராளுமன்ற முறை என்றும் வலப்பக்கம் ஜனாதிபதி முறை என்றும் எழுதுவேன். இடப்பக்கத்தில் "பொறுப்புக்கூறல் அதிகம், உறுதிப்பாடு குறைவு" என்று வரும்; வலப்பக்கத்தில் அதுவே தலைகீழாக வரும். மாணவர்கள் மனனம் செய்து எழுதுவார்கள், புள்ளியும் கிடைக்கும். கடந்த கிழமை கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோதும் 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதும் எங்களிடம் இருந்தது பாராளுமன்ற முறைதானே? அந்த அரசாங்கங்கள் யாருக்குப் பொறுப்புக்கூறின?" என்று கேட்டாள். நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது.

அவளுக்குச் சொல்ல வேண்டிய மறுமொழியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்காகவே இந்த இழை.

என் நிலைப்பாட்டை ஒளிக்கவில்லை. நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிய வேண்டும் என்பவன் நான். 1966 டிசெம்பரில், அப்போது அமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன, சட்டவாக்க சபையின் விருப்பு வெறுப்புகளுக்கு ஆட்படாமல் குறித்த காலத்துக்கு ஆளக்கூடிய ஒரு நிறைவேற்றுத்துறை நாட்டுக்குத் தேவை என்று பேசினார். 1977 தேர்தலில் அவருடைய கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களில் 140 ஐப் பிடித்ததும் அந்தப் பேச்சு 1978 இன் யாப்பாக மாறியது. அபிவிருத்திக்கு உறுதியான தலைமை வேண்டும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். நடந்தது என்ன? 1982 இல் தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவிவிலகல் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு, பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தார். அந்த டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் "வேண்டாம்" என்றார்கள். நாடு முழுவதும் 54 வீதத்துக்குச் சற்று மேல் "ஆம்" என்றது. 1977 இல் தெரிவான சபை 1988 டிசெம்பர் வரை இருந்தது. சட்டவாக்க சபையின் விருப்பு வெறுப்பிலிருந்து ஜனாதிபதியைக் காப்பாற்றுவதற்காகக் கொண்டுவந்த முறை, சபையையே அவருடைய சட்டைப் பைக்குள் போட்டது.

2022 ஐயும் நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் அமைச்சரவை பதவி விலகியது, மே 9 ஆம் திகதி பிரதமர் பதவி விலகினார், எரிபொருளுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மட்டும் அசையவில்லை. ஜூலை 9 ஆம் திகதி சனங்கள் மாளிகைக்குள் நுழைந்த பிறகுதான் நாட்டை விட்டுப் போனார். பாராளுமன்ற முறையில் ஒரு நம்பிக்கையில்லாப் பிரேரணையோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் அது.

ஆனாலும் அந்த மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறது.


#2 காவிரிக்கரை (திருச்சி)

ஐயா, உங்கள் அட்டவணையின் மூலம் எனக்குத் தெரிந்த வரையில் அம்பேத்கரிடம்தான் தெளிவாக இருக்கிறது. 1948 நவம்பர் 4 ஆம் நாள் இந்திய அரசமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசியபோது, மக்களாட்சியின் நிர்வாகத்துறை நிலையாகவும் இருக்க வேண்டும், பொறுப்புடையதாகவும் இருக்க வேண்டும், இரண்டையும் சம அளவில் தரும் முறை இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றார். அமெரிக்க முறையும் சுவிஸ் முறையும் நிலைத்தன்மையைக் கூட்டிப் பொறுப்பைக் குறைக்கின்றன, பிரிட்டிஷ் முறை அதற்கு நேர்மாறு என்று எடுத்துக்காட்டி, வரைவு பொறுப்பின் பக்கம் சாய்ந்திருப்பதாக விளக்கினார். அவருடைய வாதத்தின் உயிர் ஓரிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆள்வோரை வாக்காளர் தேர்தலுக்குத் தேர்தல் மட்டுமே மதிப்பிடுகிறார். பிரிட்டனிலோ கேள்வி நேரம், ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று உறுப்பினர்கள் நாள்தோறும் மதிப்பிடுகிறார்கள்.

1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269 க்கு 270 என்று ஒற்றை வாக்கில் கவிழ்ந்தது. மாளிகைக்குள் யாரும் நுழைய வேண்டியிருக்கவில்லை. அந்த அளவில் உங்கள் பக்கம்தான் நானும்.

ஆனால் உங்கள் மாணவியின் கேள்விக்கு எங்கள் ஊரிலும் ஒரு கிளைக்கதை உண்டு. 1976 ஜனவரி 31 அன்று சட்டமன்றத்தில் பெரும்பான்மையுடன் இருந்த தி.மு.க. அரசை, மாநில அரசைக் கலைக்க மத்திய அரசுக்கு இடம் தரும் அரசமைப்பின் 356 ஆம் பிரிவின்படி கலைத்தார்கள். 1991 ஜனவரி 30 அன்று மறுபடியும் கலைத்தார்கள். அந்த முறை ஆளுநர் பர்னாலா கலைக்கப் பரிந்துரைக்கவே மறுத்தும், "வேறு வகையிலோ" என்று அந்தப் பிரிவில் இருக்கும் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு கலைத்தார்கள். இரண்டையும் செய்தது டெல்லியில் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பாக இருந்த ஓர் அமைச்சரவை. அதற்குக் கடிவாளம் போட்டது 1994 இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தந்த தீர்ப்புதான்; நாடாளுமன்றம் அல்ல.


#3 கொழுந்து (ஹட்டன்)

பூவரசு ஐயாவின் மாணவி கேட்டது எங்கள் வீட்டுக் கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

1947 தேர்தலில் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் அந்தப் பாராளுமன்றமே 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை, ஏனெனில் தெரிவு செய்ய வேண்டியவர்கள் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. பாராளுமன்றம் தன்னைத் தெரிவு செய்யும் மக்கள் யார் என்பதைத் தானே தீர்மானிக்கலாம் என்றால், தனக்கு வேண்டாத வாக்காளருக்கு அது ஒருபோதும் பொறுப்புக்கூறத் தேவையில்லை. இதுதான் அந்த மாணவிக்கான மறுமொழி என்று நினைக்கிறேன். வடக்கிலும் இந்தக் கதை நேர்கோடாக இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் பொன்னம்பலம் 1948 இல் அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். அவருடைய கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தச் சட்டங்கள் முக்கியமான காரணம்.

1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மிச்சத்தையும் 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இருவருமே பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான பிரதமர்கள், இரண்டு நாடுகளுமே உங்கள் அட்டவணையின் இடப்பக்க நாடுகள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இனி, உங்களுக்கு உவப்பில்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். எங்கள் அப்பாயி குடியுரிமை பெற்றது நிறைவேற்று ஜனாதிபதி முறையின் கீழ்தான். 1988 இன் சட்டப்படி ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும் என்றானது. அந்தக் கடதாசியை அவர் பிளாஸ்திக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். ரேகை வைத்த இடத்தில் மை அப்பிப் போயிருக்கும். அது எப்படி வந்தது? 1978 முதல் எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார், 1986 இல் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது, அவற்றோடு நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட ஒரு தேர்தலில் 50 வீதத்தைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்துகொண்டது. பழைய தொகுதி முறையில் நுவரெலியாவில் ஒரு மூலையில் கிடந்த எங்கள் வாக்கு, ஜனாதிபதித் தேர்தலில் கொழும்பு வாக்குக்குச் சமமாக எண்ணப்பட்டது. 1988 டிசெம்பரில் பிரேமதாச வென்றது 50.43 வீதத்தில். அந்தப் புள்ளி நாலு மூன்றுக்குள் எங்கள் தோட்டங்கள் இருக்கின்றன.

ஜனாதிபதி முறையை ஒழிப்பதற்கு முன்னால், அதற்குப் பதிலாக எங்களுக்கு எந்தப் பேரம் பேசும் இடம் கிடைக்கும் என்று சொல்லுங்கள்.


#4 பூவரசு

கொழுந்து தம்பி, உங்கள் அப்பாயியின் கடதாசிக்கு முன்னால் என் அட்டவணை வெறும் சுண்ணாம்புக்கட்டிக் கிறுக்கல்தான். ஆனால் அந்த 50 வீதக் கணக்கை நான் அவ்வளவு நம்பவில்லை. 2015 இல் அது வேலை செய்தது என்று ஒப்புக்கொள்கிறேன். மைத்திரிபால சிறிசேன ஏறத்தாழ நாலரை இலட்சம் வாக்குகளால் வென்றபோது வடக்கு கிழக்கு இல்லாமல் அந்த வெற்றி இல்லை. 2019 இல் அதே வடக்கும் கிழக்கும் ஏறக்குறைய ஒரே குரலில் எதிராக வாக்களித்தும் கோட்டாபய 52.25 வீதம் பெற்றார். பதவியேற்க அநுராதபுரத்தில் றுவன்வெலிசாய என்ற பௌத்த தூபியைத் தெரிவு செய்து, சிங்கள மக்களின் வாக்குகளால் மட்டுமே வெல்ல முடியும் என்று தமக்கு முன்பே தெரியும் என்று அங்கேயே சொல்லவும் செய்தார். சிறுபான்மை வாக்கைத் தேடி வருமாறு அந்த 50 வீதம் வேட்பாளரைத் தூண்டலாம். தேடாமலே வெல்லலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டுவிட்டால், பிறகு ஐந்து வருடத்துக்கு அவரை எதுவும் தடுக்காது.


#5 நாலாம் மேசை (மட்டக்களப்பு)

பல தேர்தல்களில் வாக்கெண்ணும் நிலையத்தில் பணியாற்றியவன் என்ற முறையில், இரு தரப்பும் தவறவிடும் ஒரு விடயத்தைச் சொல்கிறேன். நம்முடைய ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை இட இடம் உண்டு. யாரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கி, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அடுத்த விருப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். 1982 முதல் இந்த விதி புத்தகத்தில் மட்டுமே இருந்தது. 2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாக அதற்கு வேலை வந்தது. அநுரகுமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருந்தார்கள்.

சீட்டுக் கட்டுகளைத் திரும்பவும் பிரித்து, ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தபோது எங்கள் மேசையில் ஒரு விசித்திரமான அமைதி நிலவியது. சீட்டுக்குப் பின் சீட்டாக ஒரே ஒரு புள்ளடி. இரண்டாம் விருப்பு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களும் போடவில்லை. நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றிலிருந்து முதல் இருவருக்கும் கைமாறியவை மூன்று இலட்சத்தைக்கூடத் தொடவில்லை.

சிறுபான்மையினருக்கு இந்த முறையில் ஒரு பிடி இருக்கிறது என்றால் அது அந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது. தங்கள் வேட்பாளருக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடிய இருவரில் ஒருவருக்கு 2 போடலாம். அந்த 2 க்காகப் பேரமும் பேசலாம். நாற்பது வருடங்களாக அதைக் கையிலேயே எடுக்காமல், முறை நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்.


#6 சிங்கநகர் (துபாய்)

இவ்வளவு வாக்குக் கணக்கும் வீண் என்பது என் கருத்து. மூன்றாம் உலக நாடுகளுக்குத் தேவை ஒரு கண்டிப்பான தலைவர். சிங்கப்பூரைப் பாருங்கள், தமிழும் அங்கே ஆட்சிமொழி. லீ குவான் யூவைப் போல ஒருவர் கிடைத்திருந்தால் இலங்கை எங்கேயோ போயிருக்கும்.


#7 தராசு (கொழும்பு)

சிங்கநகர் அவர்களே, சிங்கப்பூர் ஒரு பாராளுமன்ற ஆட்சி. லீ குவான் யூ பிரதமர். ஒவ்வொரு தேர்தலிலும் நின்று வென்று வந்தவர். அங்கே பல உறுப்பினர்களை ஒரே குழுவாகத் தெரிவு செய்யும் குழுத் தொகுதி முறை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் குழுவில் சிறுபான்மை இனத்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆக, உங்கள் எடுத்துக்காட்டே "கண்டிப்பான மனிதர் போதும்" என்ற வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. கண்டிப்பான தலைவர் நமக்கும் கிடைத்தார். அவருடைய கண்டிப்பு பற்றி விவசாயிகள் யாராவது இந்த இழைக்கு வந்தால் சொல்வார்கள்.


#8 வாய்க்கால் (கிளிநொச்சி)

கூப்பிட்டதால் வந்தேன். இரணைமடுக் குளத்தின் கீழ் ஐந்து ஏக்கர் செய்கிறேன். 2021 மே மாதம் இரசாயன உரமும் கிருமிநாசினியும் இனி நாட்டுக்குள் வராது என்று வர்த்தமானி வந்தது. முழு நாடும் இயற்கை விவசாயத்துக்கு மாற வேண்டுமாம், அதுவும் உடனே. நான் இயற்கை விவசாயத்தை வெறுப்பவன் அல்லன். தோட்டத்துக்கு இன்றைக்கும் மாட்டெருதான் போடுகிறேன். ஆனால் ஐந்து ஏக்கர் வயலுக்கு வேண்டிய எருவை ஒரே போகத்தில் எங்கிருந்து கொண்டு வருவது?

காலபோகம் விதைக்கும் நேரம் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் ஒரு உத்தியோகத்தர் வந்து திரவ உரம் பற்றி விளக்கினார். கறுப்பு நிறப் போத்தல். எத்தனை லீற்றர் எந்த நாளில் அடிப்பது என்று கேட்டதற்கு, சுற்றறிக்கை இன்னும் வரவில்லை என்றார். நவம்பரில் தடையை நீக்கினார்கள். அப்போது பயிர் மஞ்சளடித்துப் போயிருந்தது, யூரியா கறுப்புச் சந்தையில் வாங்க முடியாத விலை. வழக்கமாக எடுப்பதில் பாதிக்கும் குறைவாகத்தான் அறுவடை செய்தேன்.

இதில் எனக்கு விளங்காதது ஒன்றுதான். இந்த முடிவை எடுக்கும் முன் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று ஏதாவது ஒரு சட்டம் இருந்ததா? பாராளுமன்றத்தில் யாராவது எழுந்து "நில்" என்று சொல்லியிருக்க முடியுமா?


#9 தராசு

சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தத்துக்கு 156 பேர் ஆதரவாக வாக்களித்து ஜனாதிபதியின் அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாக்களித்தவர்களில் உரத்துக்காகப் பிறகு வீதிக்கு இறங்கிய மக்களின் பிரதிநிதிகளும் உண்டு.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் நமது அண்மைய வரலாற்றில் இருக்கிறது. 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி இரவு ஜனாதிபதி சிறிசேன பிரதமரை நீக்கி இன்னொருவரை நியமித்தார், நவம்பர் 9 இல் பாராளுமன்றத்தையே கலைத்தார். சபாநாயகர் சபையைக் கூட்டினார். மிளகாய்த்தூள் வீச்சு, கதிரை வீச்சு, பொலிஸார் சூழ நின்று நடத்திய வாக்கெடுப்பு என்று உலகமே பார்த்துச் சிரித்தது. டிசெம்பர் 13 இல் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள், 16 ஆம் திகதி பழைய பிரதமர் திரும்பி வந்தார். (காவிரிக்கரைக்கு ஒரு குறிப்பு: நீங்கள் உச்ச நீதிமன்றம் என்று எழுதுவதை நாங்கள் உயர் நீதிமன்றம் என்போம். உங்கள் உயர் நீதிமன்றம் எங்களுக்கு வேறு. இது தெரியாமல் இரு கரைப் பத்திரிகைகளும் ஒன்றையொன்று தவறாக வாசிப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.)

அந்தத் தீர்ப்பு எதன்மேல் நின்றது என்பதைப் பாருங்கள். 2015 இன் 19 ஆவது திருத்தம், நாலரை வருடம் முடியும் முன் ஜனாதிபதி தாமாகச் சபையைக் கலைக்க முடியாது என்று எழுதி வைத்திருந்தது. அதற்கு முந்திய யாப்பின்படி பொதுத்தேர்தல் நடந்து ஒரு வருடம் கழிந்தாலே கலைக்கலாம். 2004 பெப்ரவரியில் சந்திரிகா அப்படித்தான் கலைத்தார், யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. இரண்டு காலத்திலும் இருந்தது "ஜனாதிபதி முறை" என்ற ஒரே பெயர். ஆசிரியர் ஐயாவின் கரும்பலகையில் இரண்டும் ஒரே நிரலில்தான் வரும். 17, 18, 19, 20, 21 என்று திருத்தத்துக்குத் திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கட்டியும் அவிழ்த்தும் வந்திருக்கிறோம். முறையின் பெயரைப் பற்றிய சண்டையை விட அந்த முடிச்சுகளைப் பற்றிய சண்டை பயனுள்ளது என்பேன்.


#10 காவிரிக்கரை

வாய்க்கால் ஐயாவின் பதிவைப் படித்ததும் 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணி நினைவுக்கு வந்தது. 500 ரூபாய்த் தாளும் 1000 ரூபாய்த் தாளும் அன்று நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அந்த இரண்டு தாள்கள்தான். எங்கள் தெரு முனையில் பூ விற்கும் அம்மா மறுநாள் காலையில் ஒரு கூடை மல்லிகையோடு உட்கார்ந்திருந்தார். வாங்க வந்தவர்களிடமெல்லாம் 500 ரூபாய்த் தாள் மட்டுமே இருந்தது. இங்கே இருப்பது நாடாளுமன்ற முறை. அவையில் விவாதித்து எடுத்த முடிவா அது? அறிவிப்பு வந்த பிறகுதான் அவை கூடிக் கூச்சலிட்டது.

அம்பேத்கர் சொன்ன அந்த நாள்தோறும் மதிப்பீடு எங்கே போயிற்று என்று தேடினால் 1985 க்குப் போக வேண்டும். கட்சித் தாவலைத் தடுக்க அந்த ஆண்டு 52 ஆவது திருத்தத்தைக் கொண்டு வந்தார்கள். நோக்கம் நல்லதுதான், ஆட்களை விலைக்கு வாங்கும் வியாபாரம் அப்போது தலைவிரித்தாடியது. ஆனால் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும் என்றான பின், ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தம் அரசைக் கேள்வி கேட்டு எதிர்த்து வாக்களிப்பது தற்கொலைக்குச் சமம். உங்கள் ஜே. ஆர். திகதியிடாத கடிதங்களை வாங்கிப் பெட்டியில் வைத்தார் என்றீர்கள். எங்களிடம் அந்தக் கடிதத்தை அரசமைப்பின் பத்தாம் அட்டவணையாகவே எழுதிவிட்டோம்.


#11 பனிக்காலம் (பேர்ண்)

அம்பேத்கர் சுவிஸ் முறையையும் குறிப்பிட்டார் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. இங்கே வந்து முப்பது வருடங்கள் ஆகின்றன. குடியுரிமை பெற்றுப் பதினான்கு வருடங்கள்.

இந்த நாட்டின் தலைவர் யார் என்று தெருவில் கேட்டால் பலருக்கு உடனே சொல்ல வராது. ஏழு பேர் கொண்ட கூட்டாட்சிப் பேரவை ஆள்கிறது. 246 பேர் கொண்ட பாராளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து அவர்களை நான்கு வருடத்துக்குத் தெரிவு செய்யும். நடுவில் நம்பிக்கையில்லாப் பிரேரணையால் நீக்க முடியாது. ஜனாதிபதிப் பதவி அந்த எழுவருக்குள் வருடத்துக்கு ஒருவராகச் சுற்றி வரும். 1848 முதல் இன்றுவரை, மீண்டும் நிற்க விரும்பியும் தெரிவாகாமல் வீட்டுக்குப் போனவர்கள் நான்கே நான்கு பேர். பெரிய கட்சிகள் எல்லாம் அந்த ஏழுக்குள் உட்கார்ந்திருப்பதால் "ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி" என்று நாம் பழகிய சொற்கள் இங்கே பொருந்துவதில்லை.

அப்படியென்றால் எதிர்க்கட்சி எங்கே? தபால் பெட்டிக்குள். வருடத்தில் மூன்று நான்கு தடவை ஒரு கனமான கடித உறை வரும். உள்ளே வாக்குச்சீட்டுகள், கையெழுத்திட வேண்டிய அட்டை, கூடவே ஒரு சிறு புத்தகம். ஒவ்வொரு விடயத்துக்கும் அரசின் வாதமும் எதிர்த்தரப்பின் வாதமும் அடுத்தடுத்து இருக்கும். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்து சேர்த்தால் அது மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தே தீரும். வாய்க்கால் அண்ணை கேட்ட அந்த "நில்" இங்கே தபாலில் வருகிறது.

என் மனைவியும் நானும் சாப்பாட்டு மேசையில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஓய்வூதிய வயது பற்றியோ மாட்டின் கொம்பு பற்றியோ சண்டை பிடிப்போம். மாட்டின் கொம்பு பற்றி உண்மையிலேயே 2018 இல் வாக்கெடுப்பு நடந்தது.


#12 கொழுந்து

பனிக்காலம் அண்ணை, கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடித உறை உங்களுக்கு வருவதற்கு முந்திய பதினாறு வருடங்களில் உங்களைப் பற்றிய முடிவுகளை யார் எடுத்தார்கள்? எங்கள் கதை முழுவதும் அந்த உறை வராதவர்களின் கதைதான்.


#13 பனிக்காலம்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. மறைக்காமல் எழுதுகிறேன்.

லூசேர்ன் மாநிலத்தில் எம்மன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களின் விவரங்களை அச்சிட்டு வீடு வீடாக அனுப்பி, ஊரார் வாக்குப் பெட்டியில் "ஆம்", "இல்லை" என்று போட்டுத் தீர்மானித்தார்கள். 2000 ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் இத்தாலியர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. பால்கன் நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒட்டுமொத்தமாக மறுக்கப்பட்டார்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை வாக்காளருக்கு இல்லை. 2003 இல் கூட்டாட்சி நீதிமன்றம்தான் இப்படி வாக்குப் பெட்டியில் குடியுரிமையைத் தீர்மானிப்பது யாப்புக்கு முரண் என்று நிறுத்தியது. 2009 நவம்பரில் பள்ளிவாசல்களுக்கு மினாரா கட்டக் கூடாது என்ற தடை 57.5 வீத வாக்குகளோடு யாப்பிலேயே ஏறியது. அரசும் பாராளுமன்றமும் வேண்டாம் என்று கேட்டும் ஏறியது. பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை கிடைத்தது 1971 இல். அதுவரை அதைக் கொடுப்பதா என்று ஆண்கள் மட்டும் வாக்களித்தார்கள், 1959 இல் மறுக்கவும் செய்தார்கள். அப்பன்செல் உள் மாநிலத்தில் 1990 இல் நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகுதான் பெண்கள் மாநில வாக்கெடுப்பில் கை உயர்த்த முடிந்தது.

என் குடியுரிமை நேர்முகத் தேர்வில் ஒரு வயதானவர், நமது ஊரின் ஆற்றுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அடுத்ததாக, உங்கள் நாட்டில் ஏன் எல்லாவற்றையும் ஒரே ஆள் தீர்மானிக்கிறார் என்று கேட்டார். அதற்கு ஜேர்மன் மொழியில் மறுமொழி சொல்ல எனக்குப் போதிய சொற்கள் இருக்கவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் அன்று சொல்லியிருப்பேனா தெரியாது.


#14 மட்டுறுத்துநர்

கட்சித் தலைவர்களின் குடும்பங்களைப் பற்றிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இழையின் பொருள் ஆட்சி முறை.


#15 தராசு

இன்னும் ஒரு விடயம் மட்டும். பழைய பாராளுமன்ற முறைக்குத் திரும்புவோம் என்று பேசும்போது பழைய தேர்தல் முறையையும் சேர்த்துக் கனவு காணாதீர்கள். 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 வீத வாக்குகளைப் பெற்றும் தேர்தலில் நிரப்பப்பட்ட 151 ஆசனங்களில் 17 மட்டுமே கிடைத்தன. ஏழு வருடம் கழித்துச் சுதந்திரக் கட்சி 30 வீதத்தை நெருங்கியும் 8 ஆசனங்களோடு நின்றது. அந்தப் பெருவெள்ளங்களின் மேல்தான் 1972 இன் யாப்பும் 1978 இன் யாப்பும் மிதந்து வந்தன. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு 1972 இல் காணாமல் போனபோது தடுப்பதற்குச் செனட் சபைகூட இல்லை. அதை முந்திய வருடமே ஒழித்திருந்தார்கள். 1978 இன் யாப்பில் நல்லது என்று ஒன்று இருக்குமானால் அது விகிதாசாரப் பிரதிநிதித்துவம். 1988 இல், ஆசனம் பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்கு வீதமான வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாக இறக்கியதும் சிறிய கட்சிகளுக்கு மூச்சு வந்தது. விகிதாசாரத்தை வைத்துக்கொண்டே ஜனாதிபதியின் அதிகாரத்தைச் சபைக்கு மாற்றலாம். அரசு அடிக்கடி கவிழும் என்ற பயத்துக்கும் ஜேர்மனி 1949 இலேயே மருந்து கண்டது. அங்கே அடுத்த தலைவர் யார் என்று சபை முதலில் உடன்பட்டால்தான் இருப்பவரை நீக்க முடியும். 1982 இல் ஹெல்முட் கோல் அப்படித்தான் பதவிக்கு வந்தார்.

இவ்வளவும் செய்தாலும் கொழும்பில் ஒரு சபைக்குள்தான் அதிகாரம் சுற்றும். மாகாண சபைகளை 13 ஆவது திருத்தம் கொண்டு வந்தது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், நான் இதை எழுதும் வரை அங்கே தேர்தல் வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பி வைத்திருப்பவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநர். காவிரிக்கரையின் 356 ஆவது பிரிவுக்காவது ஒரு காலக்கெடு உண்டு.


#16 பூவரசு

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வகுப்பில் பழைய அட்டவணையை எழுதி, அதன் மேலேயே துடைப்பானை இழுத்தேன். பரீட்சைக்கு அது வேண்டும் என்று முன்வரிசை மாணவர்கள் முணுமுணுத்தார்கள். வேண்டுமென்றால் பாடநூலின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜனாதிபதி முறை ஒழிய வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் ஒழித்தால் என்ன கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தது மாறிவிட்டது. கொழுந்து கேட்ட அந்தப் பேரம் பேசும் இடத்துக்கு நேரடியான மறுமொழி என்னிடம் இல்லை; தராசு சொன்ன விகிதாசாரம் அதில் பாதியைத் தரலாம். நாலாம் மேசையின் பதிவை வாசித்துவிட்டு, மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைப் பலகையில் வரைந்து, 2 போடும் இடம் எது என்று கேட்டேன். முப்பத்திரண்டு பேரில் நான்கு பேருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மாணவிக்குப் பதில் சொல்லாமல், கேள்வியையே பெரிதாக்கி முழு வகுப்புக்கும் கட்டுரை வினாவாகக் கொடுத்திருக்கிறேன்: "1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இலங்கையில் பாராளுமன்றம் இருந்தது, செனட் சபை இருந்தது, மகாதேசாதிபதி இருந்தார், சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு இருந்தது, மேன்முறையீட்டுக்கு இலண்டனில் பிரிவிக் கவுன்சில் இருந்தது. இவற்றில் ஒவ்வொன்றும் அச்சட்டத்தை நிறுத்தியிருக்க முடியுமா, ஏன் நிறுத்தவில்லை என்று ஆராய்க." அச்சட்டம் பற்றிப் பிரிவிக் கவுன்சில் 1953 இல் தந்த தீர்ப்பு மட்டும் நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. ஒரு மணித்தியாலம் போதாது என்று முறையிட்டார்கள், வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்துவிட்டேன்.